பாலத்தில் என்ன நடந்தது, என்னப்பா?

என்னப்பா,

உங்களைக் கூப்பிடுகிற இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி இரண்டு வருடமாகிறது. குசினியில் நிற்கும்போது சில வேளை பழக்கத்தில் "என்னப்பா, அந்த..." என்று தொடங்கிப் பாதியில் விழுங்கிவிடுவேன். மகள் காவியா தன் அறைக்குள் இருந்து அதைக் கேட்டிருப்பாள். கேட்காதவள் போல இருந்துவிடுவாள்.

வீட்டுக் கதை வெளியே போவது உங்களுக்குப் பிடிக்காது. அது தெரிந்துகொண்டுதான் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். கோபிப்பதென்றால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் ஒரு புதினம். நான் கார் ஓடுகிறேன்.

ஓம், நான்தான். பச்சை விளக்கு மஞ்சளாக முன்னமே பக்கத்துச் சீற்றில் இருந்து "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று கத்துகிற உங்கள் வதனிதான். கார்தறியில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற அதே வேலைக்கு இப்போது நாங்கள் இருக்கிற வில்லரேயிலிருந்து என் காரில் போய் வருகிறேன். பழைய கார். ஆனால் நாலும் பனிக்கால ரயர், போன மாதம் போட்டது. பின்பெட்டியில் ஒரு மண்வாரியும் கம்பளியும், பூனைக்குப் போடுகிற மண் ஒரு பையும் இருக்கின்றன. சில்லு ஐஸில் நின்று சுழன்றால் அடியில் கொட்டுவதற்கு. எல்லாம் நீங்கள் சொன்னவைதான்.

நீங்கள் சொல்லாத ஆள் யார்? நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணியோடு உங்கள் பாடத்தையும் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். "முன்னாலை போற காருக்கும் உனக்கும் நடுவிலை ஒரு பஸ் நிக்க இடம் விடு." "வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறை, வளைவுக்குள்ளை குறைக்காதை." "கூரையிலை கிடக்கிற ஸ்னோவையும் தட்டிப்போட்டு எடு, இல்லாட்டிப் பிறேக் பிடிக்கேக்கை அவ்வளவும் முன்கண்ணாடிக்கு வரும்." "றோட்டு காய்ஞ்சிருந்தாலும் பாலத்தை நம்பாதை. அதுக்கு மேலையும் காத்து, கீழையும் காத்து." கடைசியாக, விரலை நீட்டிக்கொண்டு: "வழுக்கினால் பிறேக்கை அடிக்காதை. காலை எடு. ஸ்ரேறிங்கை வெட்டாதை. காருக்கு நேரம் குடு." சனம் உங்களுக்கு ஐஸ் வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தது.

அதனால்தான் நான் நம்பவில்லை. ஐஸ் தெரிந்த ஒரு மனிதர் இருந்த காரை ஐஸ் கொண்டுபோனது என்பதை நான் ஒருநாளும் நம்பவில்லை.

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் நேசன் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். கூட வேலை செய்தவர் மரியதாஸ். எங்களுக்குத் தாஸ் அண்ணை. மட்டக்களப்பு ஆள், கிறிஸ்தவ வேதக்காரர், மனைவி இறந்தபின் கோட்-டெ-நெய்ஜில் தனியே ஒரு அப்பார்ட்மென்ற்றில் இருந்தார். இரண்டு பேரும் ஒவ்வொரு ஞாயிறு காலையும் லாவாலில் உள்ள ஒரு களஞ்சியத்துக்குப் போய் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் எடுத்து வருவார்கள். எப்போதும் எங்கள் காரில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஞாயிறு எங்கள் கார் திருத்தக் கராஜில் நின்றது. முதல்நாள் பின்னேரம் நீங்கள் தாஸ் அண்ணையோடு தொலைபேசியில் சண்டை பிடித்தீர்கள். நான் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். "உன்ரை ஓட்டத்திலை எனக்கு நம்பிக்கை இல்லை மச்சான். உன்ரை காரைக் கொண்டு வா, நான் ஓடுறன்" என்றீர்கள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சத்தம் போட்டார். நீங்கள் போனை வைத்துவிட்டு, "திமிர் பிடிச்சவன்" என்றீர்கள். சிரித்துக்கொண்டு சொன்னீர்களா, சிரிக்காமல் சொன்னீர்களா? இரண்டு வருடமாக அதை யோசிக்கிறேன். அப்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காலையில் வெர்க்லா. மழையாக வந்து நிலத்தில் பட்டவுடன் ஐஸாகிற மழையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். விடியற்புறம் பெய்து ஓய்ந்திருந்தது. மரக் கொப்பெல்லாம் கண்ணாடி பூசினதுபோல நின்றன. ஒன்பது மணிக்கு அவருடைய கார் வந்தது. நீங்கள் இறங்கிப் போய்ச் சாரதி பக்கம் நின்று ஏதோ கதைத்தீர்கள். அவர் இறங்கவில்லை. நீங்கள் சுற்றிப் போய்ப் பக்கத்துச் சீற்றில் ஏறினீர்கள்.

பத்து மணிக்குப் பொலிஸ் தொலைபேசி எடுத்தது. லாவால் போகிற பாலத்தில் கார் சுவரோடு மோதிவிட்டதாம், ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க விட முன்னம் அவரைத்தான் கண்டேன். நடைபாதையில் ஒரு கதிரையில், தோளில் கட்டோடு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்:

"நேசன் ஒண்டுமே செய்யல்ல புள்ள. கார் தானா வழுக்கின."

யார் கேட்டது? நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று யார் கேட்டது? அந்த நேரத்தில் அழுவதா விழுவதா என்று தெரியாமல் நின்ற எனக்கு, அந்த ஒரு வசனம் மட்டும் முள்ளாய்க் குத்தி நின்றுவிட்டது. ஒருவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. கார்தறியில் நாலு வயதுப் பிள்ளைகளே அப்படித்தான். "நான் தள்ளவில்லை" என்று ஓடி வருகிறதுதான் தள்ளினது.

செத்த வீடு முடிந்த கிழமையே தொடங்கினேன். முதலில் ரயர். அந்தக் காரில் பனிக்கால ரயர் இல்லை என்றுதான் எனக்கு முடிவு. நொறுங்கின கார்களை வைக்கிற யாட்டுக்குக் காவியாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். நாலிலும் மலைக்குள் பனிப்பூ போட்ட பனிக்கால ரயர் அடையாளம் இருந்தது. தடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். புதுசு. பிறகு குடி. பொலிஸ் அதைச் சோதித்து இல்லையென்று எழுதியிருந்தது. பிறகு போன். அவர் போனில் அந்த நேரம் ஒன்றும் இல்லை என்று பொலிஸ்காரர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் இல்லையென்று ஆக ஆக எனக்குச் சந்தேகம் குறையவில்லை. இவ்வளவு சுத்தமாக மறைத்திருக்கிறார் என்றுதான் பட்டது.

அந்த யாட்டில் ஒரு பிளாஸ்ரிக் பையில் உங்கள் கை மணிக்கூட்டைத் தந்தார்கள். வார் அறுந்திருந்தது. "எங்கே கிடந்தது?" என்று கேட்டேன். அங்கு நின்றவர் சாரதி பக்கக் கதவைத் திறந்து, பிறேக் மிதிக்குக் கீழே காட்டினார்.

நீங்கள் மணிக்கூடு கட்டுவது இடக்கையில். இங்கே சாரதி இருப்பது இடப்பக்கம், நீங்கள் இருந்தது வலப்பக்கச் சீற்றில். அது எப்படி அவருடைய காலடிக்குப் போனது?

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. உள்ளே கைகலப்பு நடந்திருக்கிறது. முதல்நாள் சண்டையின் மிச்சம். அவர் உங்களைத் தள்ளியிருக்கிறார், அல்லது அடித்திருக்கிறார், கார் கை தவறிப் போயிருக்கிறது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்த அவர் காண, மேசையில் அந்த மணிக்கூட்டை வேண்டுமென்றே எடுத்து வைத்தேன். கண்டார். முகத்தைத் திருப்பினார். சாப்பிடாமல் போய்விட்டார்.

அதன் பிறகு நான் செய்ததை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். "அவர்தான் கொன்றார்" என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. "காருக்குள்ளை என்ன நடந்ததோ, ஆருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். கோயிலில் சொன்னேன், சந்தையில் சொன்னேன், பல்லு வைத்தியரிடம் காத்திருக்கும்போது பக்கத்தில் இருந்த பெண்ணிடமும் சொன்னேன். அவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் சந்தையில் எங்கள் ஆட்கள் அவரோடு கதைப்பதை நிறுத்தினார்கள். கோடைக்கு முன்னம் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். "குற்றம் உள்ள நெஞ்சு" என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் யாழ்ப்பாணத்து ஆளாக, எங்கள் பக்கத்து ஊர்க்காரராக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பேனா? நீங்கள் இருந்திருந்தால் இதைக் கேட்டிருப்பீர்கள். எனக்குப் பதில் தெரியும். எழுத வெட்கமாயிருக்கிறது.

கார் பழகப் போனதும் சந்தேகத்தில்தான். வேலைக்கு வசதி என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். உண்மையில், "கார் தானா வழுக்கின" என்கிற அந்த வசனத்தை உடைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஒரு கார் தானாக என்ன செய்யும்? ஓடுகிறவர் என்ன செய்தால் அது எங்கே போகும்? அதை அறிந்துகொண்டு அவர் முன்னால் போய் நிற்க நினைத்தேன். இங்கே ஒரு முழு வருடம் பழக விடுகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து, போன வசந்தத்தில் லைசென்ஸ் எடுத்தேன்.

அதோடு நிற்கவில்லை. இந்த டிசம்பரில், ஐஸில் கார் ஓடுவதற்கென்றே ஒரு நாள் பயிற்சி இருப்பதாக அறிந்து பெயர் கொடுத்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய வெளி. தண்ணீர் விட்டு உறைய வைத்து, முகம் பார்க்கலாம் போல ஆக்கியிருந்தார்கள். நதாலி என்று அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கற்றுக்கொடுத்தாள். அவள் காருக்குள் வரவில்லை. வெளியே நின்று வோக்கி-டோக்கியில் கதைத்தாள். எங்களை இரண்டு இரண்டு பேராகக் காரில் ஏற்றினாள். என்னோடு வந்தது ஹெயிட்டிப் பெண் ஒருத்தி, ஒரு தாதி.

முதலில் என் முறை. வேகமாகப் போய்ப் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கச் சொன்னாள். மிதி காலுக்குக் கீழே கடகடவென்று நடுங்கியது. கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது, போனது, நான் நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் போனது. "பார்த்தாயா? இதனால்தான் இடைவெளி" என்றது வோக்கி-டோக்கி. பிறகு வளைவில் பின்பக்கத்தை வழுக்க விட்டு, காலை எடுக்கவும், தடுப்பைப் பார்க்காமல் போகவேண்டிய வழியைப் பார்க்கவும் பழக்கினாள். நாலு தடவை சுழன்றேன். ஐந்தாம் தடவை பின்சில்லுகள் தாமாக ஐஸைப் பிடித்தன. நீங்கள் சொன்ன "காருக்கு நேரம் குடு" என்பது என்னவென்று அன்றைக்குத்தான் உடம்புக்கு விளங்கியது. எனக்கு நல்ல சந்தோஷம். தாஸ் அண்ணைக்கு இது தெரிந்திருக்காது, அவர் வெட்டியிருக்கிறார், பிடிபட்டார் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு இடம் மாறினோம். தாதி ஓடினாள். நான் பக்கத்துச் சீற்றில்.

அதே வளைவு. அதே வேகம். பின்பக்கம் இழுத்தது. இந்த முறை எனக்கு மிதிக்க ஒன்றுமில்லை, பிடிக்க ஒன்றுமில்லை. மஞ்சள் கூம்புகள் என் கண்ணாடிப் பக்கம் பறந்து வந்தன. அவள் சரியாகத்தான் செய்தாள். காலை எடுத்துவிட்டாள், கையை ஆட்டாமல் வைத்திருந்தாள். நான்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கார் மூன்று சுற்றுச் சுற்றிப் பனிக் கும்பிக்குள் போய் மூக்கை இடித்து நின்றது.

நதாலி ஓடி வந்து கதவைத் திறந்தாள். "ஸ்ரேறிங்கைத் தொட்டது யார்?" என்று கேட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். என் இடக்கை இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் அதை நீட்டவில்லை, என்னப்பா. சத்தியமாக நீட்டவில்லை. அது தானாகப் போனது. தாதி ஒவ்வொரு விரலாகக் கழற்றி எடுத்தாள். நதாலி சிரித்தாள். "வெட்கப்படாதே. பக்கத்தில் இருக்கிறவர் எல்லோரும் ஒருநாள் இதைச் செய்வார்கள். நன்றாக ஓடத் தெரிந்தவர்கள்தான் கூடுதலாகச் செய்வார்கள். அவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது" என்றாள்.

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றாள். நான் என் இடக்கை மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் தாஸ் அண்ணை வீட்டுக்குப் போனேன். இப்போது ஆஸ்பத்திரி ஒன்றில் நிலம் துடைக்கிற வேலையாம். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு ஒரு அடி பின்னுக்கு வைத்தார். பொலிஸ் வந்தாலும் அப்படிப் பயந்திருக்க மாட்டார். உள்ளே விட்டு, பிளேன்ரீ ஊற்றித் தந்தார். தோள் இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. கேத்திலை மற்றக் கையால் பிடித்தார்.

"தாஸ் அண்ணை, அண்டைக்கு அவர் ஸ்ரேறிங்கைப் பிடிச்சவரா?"

"ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"இல்ல புள்ள. கார் தானா வழுக்கின."

"ரெண்டு வருசமா இதைத்தான் சொல்லுறியள். அப்ப மணிக்கூடு ஏன் உங்கடை காலுக்குக் கீழை கிடந்தது?"

நான் இடக்கையை அவர் பக்கம் நீட்டி, இல்லாத ஒரு ஸ்ரேறிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்துக் காட்டினேன். "இப்பிடியா?" என்றேன். அவர் கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

"பாலத்துல ஏறக்குள்ள முன்னால போன கார் ஆடின" என்றார். "நான் கால எடுத்திட்டன். நம்மட கார் பின்பக்கம் கொஞ்சம் இழுத்த. விட்டாப் பிடிச்சிரும் எண்டு எனக்குத் தெரியும் புள்ள, அவன்தானே சொல்லித் தந்த. அதுக்குள்ள நேசன் 'பிறேக்கை அடி, பிறேக்கை அடி' எண்டு கத்தினான். கத்திக்கொண்டே கைய நீட்டித் தன்ட பக்கம் இழுத்தான். நான் அவன்ட கையத் தட்டி விட்டன். அதுலதான் மணிக்கூடு கழண்ட."

"பேந்து?"

"பேந்தென்ன. சுவர்."

"ஏன் சொல்லேல்லை? பொலிசுக்கு, எனக்கு, ஒருத்தருக்கும்?"

"செத்தவன் எழும்பி வந்து, நான் ஏன் அப்படிச் செஞ்சன் எண்டு சொல்ல ஏலுமா? நான் உசிரோட இருக்கன். நீங்க என்ன நினைச்சாலும் எனக்கு வாய் இருக்கு. அது மட்டும் இல்ல புள்ள. அவன் கத்தின உடன நானும் பிறேக்க அடிச்சிட்டன். அவன்ட பிழைய மூடுறன் மூடுறன் எண்டு, என்ட பிழையயும் அதுக்குள்ள வச்சு மூடிட்டன். அதான் உன்ட முகத்தப் பார்க்க ஏலாமப் போன."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குச் சந்தேகம் விடவில்லை. இப்போதும் முழுதாக விட்டதென்று சொல்ல மாட்டேன். விட்டால் பிடித்திருக்கும் என்கிறார். பிடித்திருக்குமா? நீங்கள் கை வைக்காவிட்டால் இன்றைக்கு இருந்திருப்பீர்களா? அவர் மிதிக்காவிட்டால்? அந்தப் பாலத்துக்குத்தான் தெரியும். ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்று முதல்நாளே நான் பிடித்தேனே, அது சரி. பொய்தான். என்ன பொய் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

வந்து காவியாவிடம் சொன்னேன். அவள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன சனிக்கிழமை உங்கள் இரண்டாம் வருடத் திவசம். தாஸ் அண்ணையையும் வரச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் வந்தார். ஐயர் போனபின், ஒரு முப்பது பேர் சாப்பிட உட்காரும் நேரம் நான் எழும்பி நின்று சொன்னேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். "அண்டைக்குக் கார் வழுக்கேக்கை என்ரை மனுசன் பயத்திலை 'பிறேக்கை அடி' எண்டு கத்தி ஸ்ரேறிங்கைப் பிடிச்சவர். தாஸ் அண்ணை அதை மறைச்சது இவரிலை பழி வரக்கூடாது எண்டு. நான் தெரியாமல் அவரைப் பற்றிக் கதைச்சது பிழை. நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் கதைச்சதும் பிழை."

தாஸ் அண்ணை சப்பாத்துகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் வாய் திறந்தவர் உங்கள் ஒன்றுவிட்ட தமையன்தான்.

"திவச வீட்டிலை நிண்டு செத்த மனுசனிலை பழி போடுறியே பிள்ளை. நேசனோ பிறேக்கை அடி எண்டு சொல்லுவான்? ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?"

அவர் கேட்டது என்னை. பார்த்தது தாஸ் அண்ணையை.

பாயாசம் எடுக்கக் குசினிக்குப் போனேன். உள்ளே நின்றவர்கள் நான் வருவதைக் காணவில்லை. "தனியத்தான் அந்தாள் வீட்டை போனவளாம்" என்றது ஒரு குரல். "ஓமோம். கார் பழகினதும் சும்மாவே?" என்றது இன்னொன்று.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஒருவரும் நேராக ஒன்றும் சொல்லவில்லை பாருங்கள். எல்லாம் கேள்வி. சந்தேகம் என்று நான் வளர்த்த பிள்ளைதான் என் வீட்டுக் குசினிக்குள் நடந்து திரிந்தது. அந்தக் கேள்விகள் இனி ஊர் முழுக்கப் போகும். அதனால்தான் நடந்ததை நானே எழுதி அச்சில் போடுகிறேன். இதற்கு மேல் சந்தேகப்படுகிறவர்கள் என்னோடு நேரே கதைக்கலாம்.

மூன்று மணிக்கு மழை தூறத் தொடங்கியது. திரும்பவும் வெர்க்லா. தாஸ் அண்ணை சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன்.

"வேணாம் புள்ள. சனம் பார்க்குது."

"பாக்கட்டும்."

அவர் அதற்காக மட்டும் தயங்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு காரிலும் ஏறவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறி, பட்டியைப் போட்டு, இழுத்துப் பார்த்தார்.

கண்ணாடிகளைச் சுரண்டி, விளக்குகளைத் துடைத்து, றோட்டில் உப்புக் கொட்டுகிற லொறி ஒன்று போகும்வரை காத்திருந்து அதற்குப் பின்னாலேயே எடுத்தேன். கோட்-டெ-நெய்ஜ் ஏற்றம் முடிந்து இறங்குகிற இடத்தில், முன்னால் ஒரு பஸ் நின்றது. வேகம் குறைவுதான், இடைவெளியும் இருந்தது. ஆனாலும் பின்பக்கம் மெல்ல இழுத்தது.

காலை எடுத்தேன். அந்த நேரத்தில் நான் றோட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும். ஒரு கணம் அவருடைய கையைப் பார்த்தேன். வருகிறதா என்று பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதற்கு மேல் இருந்தார். கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது, ஏதோ செபம்.

சில்லு பிடித்தது. பஸ்ஸுக்கு வெகுதூரம் பின்னால் நின்றோம்.

இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லா ஓடுறாய் புள்ள. ஆனா ஆள்ட கையப் பார்க்காத. றோட்டப் பார்." அவர் கண் மூடியிருக்கவில்லை போல.

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். காவியா சட்டிகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். நான் துடைத்து அடுக்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

"அப்பா பயந்தவரா, அம்மா?"

அவளுக்குத் தமிழில் கதைக்க அவ்வளவாக வராது, பிரெஞ்சில்தான் ஓடும். இதைத் தமிழில் கேட்டாள்.

"ஓம் பிள்ளை. பயந்தவர்."

"எனக்கு அந்த அப்பாவைத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. இப்பதான் தெரிஞ்சது."

தண்ணீரை மூடிவிட்டு அழுதாள். இரண்டு வருடத்தில் உங்களுக்காக அவள் என் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை. பிழையே விடாத ஒருவருக்காக எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். எனக்கும்தான் தெரியவில்லை, அதனால்தானே அழ வேண்டிய நேரமெல்லாம் ஆள் தேடிக்கொண்டு திரிந்தேன்.

உங்களில் எனக்குக் கோபம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சும்மா இருந்திருக்கலாமே என்று தினமும் ஒரு தடவை நினைக்கிறேன். அடுத்த நிமிடம் என் கையை நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து சேரத்தானே அந்தக் கையை நீட்டினீர்கள்?

ஒரு வாக்குத் தருகிறேன், கேளுங்கள். இனி யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்பேன். எல்லாம் தெரிந்த ஐஸ் வாத்தியாரோடு, அந்த இரண்டு விநாடி பயந்துபோன மனுசனையும் சேர்த்தே வைத்திருப்பேன். அவரை ஒருவரும் குறைவாகக் கதைக்க விடமாட்டேன். நானும் கதைக்க மாட்டேன்.

உங்கடை மனுசி,
வதனி